இரண்டு காபுரேட்டர்களைச் சமப்படுத்த நானே செய்த எண்ணெய் மானி

பனிக்காலம் முழுக்க மூடிவைத்த மோட்டார் சைக்கிளை ஏப்ரல் தொடக்கத்தில் வெளியே எடுத்து, ஜெர்மனியில் நான் இருக்கும் டோர்ட்முண்டிலிருந்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய் வந்தேன். போகவர எண்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். போகும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கக் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் நிற்கும் காரின் இலக்கத்தகடு வெறும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கிளச்சை விட்டு எடுக்கும்போது ஒரு உதறல். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டியதும் கைப்பிடியில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றிய பிறகும் உள்ளங்கை மரத்துப்போய்தான் இருந்தது.

வண்டி பிஎம்டபிள்யூ ஆர்80, 1986ஆம் ஆண்டுக்காரன். இடமும் வலமுமாகப் படுத்திருக்கும் இரண்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய 800 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பின்னால், காற்றையும் பெற்றோலையும் கலந்து உள்ளே விடும் ஒரு 32 மில்லிமீட்டர் காபுரேட்டர், பிங் என்ற நிறுவனத்துடையது. இரண்டுக்கும் நடுவில் எந்த இணைப்புத் தண்டும் கிடையாது. கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஒரு சின்னச் சங்கிலி இழுபடும். அது இரண்டு கேபிள்களை இழுக்கும். கேபிள்கள் ஆளுக்கொரு பக்கம் போய், காபுரேட்டருக்குள் காற்று வரும் வழியை மூடித் திறக்கும் பட்டர்ஃப்ளை தகட்டை ஆளுக்கொன்றாகத் திறக்கும். ஒரு தகடு மற்றதைவிட மயிரிழை கூடத் திறந்தாலும் அந்தப் பக்கத்துச் சிலிண்டர் வேலையை இழுத்துப்போட்டுச் செய்யும், மற்றது பின்னால் இழுபட்டு வரும். இந்த எஞ்சினில் பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடி ஒன்றின் உதறலை மற்றது பெருமளவு அழித்துவிடுவதால், காபுரேட்டர் வித்தியாசத்தால் வரும் அதிர்வு மறைய இடமே இல்லை. அப்படியே கைக்கு வந்து சேர்கிறது.

இரண்டையும் சமப்படுத்த, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். தகடு மூடியிருக்க மூடியிருக்க அதற்கு அப்பால் உறிஞ்சல் கூடும், திறக்கத் திறக்கக் குறையும். தெரிந்தவர் ஒருவரிடம் உறிஞ்சலை அளக்கும் முள் மானி இரண்டு இருந்தது. வாங்கி வந்து கொழுவினேன். இடப்பக்கம் ஒரு எண், வலப்பக்கம் ஒரு எண், வித்தியாசம் தெளிவாக இருந்தது. சரி, திருகத் தொடங்கலாம் என்று நினைத்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. மானிகளை இடம் மாற்றிக் கொழுவிப் பார்த்தேன். வித்தியாசமும் மானியோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டது! அதாவது நான் பார்த்தது காபுரேட்டர்களின் வித்தியாசத்தை அல்ல, மானிகளின் வித்தியாசத்தை.

அன்றைக்கே அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நமக்கு இரண்டு பக்கத்து உறிஞ்சலும் எத்தனை என்று தெரியத் தேவையே இல்லை. எந்தப் பக்கம் கூட என்று மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு யூ வடிவக் குழாயும் அதற்குள் கொஞ்சம் எண்ணெயும் போதும். ஒரு முனை இடது காபுரேட்டருக்கு, மறுமுனை வலதுக்கு. நடுவில் நிற்கும் எண்ணெய் ஒன்றேதான், இரண்டு பக்கமும் அதைத்தான் இழுக்கின்றன. இரண்டு மானிகள் தங்களுக்குள் முரண்படுகிற பேச்சே இதில் இல்லை. முள் கிடையாது, சுருள் கிடையாது, பழசாகித் தவறுவதற்கு எதுவுமே கிடையாது. தராசு போலத்தான்.

சாமான்கள் இவ்வளவுதான். பழைய கட்டில் சட்டத்திலிருந்து 120 சென்டிமீட்டர் நீளப் பலகை ஒன்று. மீன்தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான குழாய் 6 மீட்டர், உள்விட்டம் 4 மில்லிமீட்டர். குழாயைப் பிடிக்க மின்கம்பி அடிக்கும் கொக்கிகள். தையல் அளவு நாடா. ஜாம் போத்தல்கள் இரண்டு. தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெய். எல்லாம் சேர்த்து 20 யூரோவைத் தாண்டவில்லை, அதிலும் கூடச் செலவு எண்ணெய்க்குத்தான். ஒரு லீட்டர் வாங்கினேன், தேவைப்பட்டதோ 15 மில்லிலீட்டர்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு பட்டறைகளில் பாதரசம் வைத்த மானிதான் இருந்தது. பாதரசம் கனமானது, அதனால் குட்டையான குழாயே போதும். ஆனால் அது நஞ்சு. தவறி எஞ்சினுக்குள் போனால் ஆவியாகி மூச்சில் கலக்கும். வீட்டில் அதைத் தொடவே கூடாது. தண்ணீர் வேலை செய்யும், ஆனால் உள்ளே இழுபட்டால் சிலிண்டருக்கு நல்லதல்ல. எண்ணெய் இழுபட்டாலோ கொஞ்சம் புகைந்துவிட்டுத் தீர்ந்துவிடும். எண்ணெயின் இன்னொரு நன்மை அது இலேசானது என்பது. பாதரசத்தில் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டும் இடத்தில் இந்த எண்ணெய் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் காட்டும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் கைமுழ நீளத்துக்கு இழுத்துக் காட்டுகிற கருவி வேறு எங்கே கிடைக்கும்? முதலில் கையில் இருந்த 20டபிள்யூ50 எஞ்சின் ஒயிலைத்தான் ஊற்றிப் பார்த்தேன். கராஜின் குளிரில் அது தேன் போல ஊர்ந்தது. அதனால்தான் ஏடிஎஃப். மெல்லியது, சிவப்பு நிறம் தெளிவாகத் தெரியும்.

முதல் வடிவம் மிக எளிமை. பலகையில் குழாயை யூ போல வளைத்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கமும் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும்படி ஊசிக்குழலால் விட்டேன். மீதிக் குழாயை நேராகக் காபுரேட்டர்களுக்குக் கொண்டுபோனேன். இந்தக் காபுரேட்டரில், தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கக் கழுத்தில் சின்னத் திருகாணி ஒன்றால் அடைத்த துளை இருக்கிறது, இந்த வேலைக்கென்றே வைத்தது. அந்தத் திருகாணியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே புரியில் பொருந்தும் பித்தளை முனை இரண்டு வாங்கி வந்திருந்தேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். எண்ணெய் ஒரு துடி துடித்து இடப்பக்கம் ஏறியது. கையை நீட்டிச் சாவியை அணைப்பதற்குள் பலகையின் உச்சியைத் தாண்டி, குழாய் வழியே ஓடி இடது சிலிண்டருக்குள் போய்விட்டது. வெள்ளைப் புகை கராஜ் வாசலை மறைத்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நிமிடத்தில் எரிந்து முடிந்தது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதை அந்தச் சில நொடிகளே சொல்லித் தந்துவிட்டன.

ஒரு காபுரேட்டருக்கு ஒரே ஒரு சிலிண்டர் என்றால் உறிஞ்சல் சீராக இருக்காது. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு தடவை காற்றை இழுக்கும். மற்ற நேரமெல்லாம் சும்மா. அதனால் குழாயில் வருவது தொடர்ச்சியான இழுப்பு அல்ல, அடி அடியாக வரும் துடிப்பு. அந்தத் துடிப்பை அடக்காமல் எண்ணெய் மட்டத்தைப் படிக்க முடியாது. தவிர, ஒரு பக்கக் குழாய் கழன்றுவிட்டாலோ ஒரு சிலிண்டர் நின்றுவிட்டாலோ எண்ணெய் முழுவதும் மறுபக்கம் பாயும், எவ்வளவு உயரப் பலகை வைத்தாலும் போதாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து: காபுரேட்டர் பக்கத்தில் ஒரு சிறு துளை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றுப் போத்தல். துளை துடிப்பை நெரிக்கும், போத்தல் மீதியைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய் தப்பி வந்தாலும் போத்தலின் அடியில் விழுந்து கிடக்கும்.

போத்தலுக்கு முதலில் அரை லீட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலைத்தான் எடுத்தேன். எஞ்சின் ஓடியதும் அது மூச்சு விடுவது போல உள்ளே போய் வெளியே வந்து, கடைசியில் நசுங்கிவிட்டது. கண்ணாடி ஜாம் போத்தல்தான் சரி. தகர மூடியில் இரண்டு துளை, இரண்டு குழாய்முனை, சுற்றி எபொக்சி பசை. இரண்டு போத்தலும் ஒரே அளவாக இருக்கட்டும்.

சிறு துளைக்கு மீன்தொட்டிக் காற்றுக் குழாயில் மாட்டும் திருகுக் குழாயடைப்பானை வைத்தேன். இங்கே எனக்கு ஒரு நினைவு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சிறு போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோலைக் காபுரேட்டருக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை சேலைன் குழாயை வைத்து, அதிலுள்ள சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டி, சொட்டை எண்ணி விடுவார். காபுரேட்டர் என்றால் என்ன என்று நான் முதன்முதலில் கண்டது அவருடைய முற்றத்தில்தான். ஒரு சொட்டுக் கூடினால் இருமும், ஒரு சொட்டுக் குறைந்தால் நின்றுவிடும். அந்த அடைப்பானைத் திருகும்போது அவருடைய விரல்தான் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் இந்த வேலைக்கு அடைப்பான் ஒத்துவரவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குத் திறந்து வைப்பது கடினம். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் அசைந்து, எண்ணெய் முதலில் ஒரு திசையில் ஓடிப் பிறகு திரும்பி வந்தது. பொறுமையில்லாமல் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வோம். கடைசியில் 5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் விரல்நக அளவு இரண்டு துண்டு வெட்டி, நடுவே 1 மில்லிமீட்டர் துளை போட்டு, குழாய் நுனியை வெந்நீரில் நனைத்து உள்ளே செருகினேன். இரண்டு துளைப்பு ஊசிகள் முறிந்தன. அதன் பிறகு எண்ணெய் துடிக்கவே இல்லை, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இந்தக் கருவியில் கவனம் செலுத்த வேண்டிய ஒரே இடம் இந்த இரண்டு சின்னத் துண்டுகள்தான். பலகை கோணலாக இருந்தால் பரவாயில்லை, இவை ஒன்றுபோல இருக்க வேண்டும்.

இனி கருவியை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். முள் மானியில் சூடுபட்ட பிறகு இதை விடுவேனா? டி வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, இரண்டு குழாய்களையும் ஒரே காபுரேட்டரின் ஒரே துளையில் கொழுவினேன். எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. 4 சென்டிமீட்டர் வித்தியாசம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதே 4. சவர்க்காரத் தண்ணீரைக் குழைத்து மூடிகளில் பூசி, குழாயை வாயால் ஊதினேன். வலப்பக்கப் போத்தல் மூடியின் பசையோரத்தில் நுரை கிளம்பியது. சிறு துளைக்குப் பின்னால் எங்கே காற்றுக் கசிந்தாலும் அந்தப் பக்கம் உறிஞ்சலைக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் கசிந்த காற்று அந்த ஒற்றைத் துளை வழியாகத்தான் போக வேண்டும். மறுபடி பசை பூசி ஒரு இரவு காயவிட்டேன். அடுத்த நாள் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றன. இந்தச் சோதனையைச் செய்யாமல் திருகாணியில் கைவைத்திருந்தால், மூடியின் கசிவைக் காபுரேட்டரில் போய்த் திருத்தியிருப்பேன்.

காபுரேட்டருக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி பார்த்தேன்: உள்ளெடுக்கும் வால்வு 0.10, வெளியேற்றும் வால்வு 0.20 மில்லிமீட்டர். வலப்பக்கம் ஒன்று இறுகியிருந்தது. பிளக்குகளைத் துடைத்தேன். காபுரேட்டரின் மேல்மூடியைத் திறந்து ரப்பர் சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், துளை இல்லை. அடிக்கிண்ணம் ஒரு கம்பிக் கொக்கியில்தான் நிற்கிறது, தட்டிவிட்டால் கையோடு வரும். உள்ளே பனிக்காலத்து வண்டல் இருந்தது, கழுவினேன். வால்வு சரியில்லாத சிலிண்டருக்குக் காபுரேட்டரைச் சமப்படுத்துவது காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை தைப்பது போல.

பிறகு இருபது கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்கினேன். கராஜ் கதவை முழுதாகத் திறந்து வண்டியின் பின்பக்கத்தை வெளியே வைத்தேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே ஆளைச் சாய்க்கும், இதில் சலுகை கிடையாது. எஞ்சின் காற்றில் குளிர்வது என்பதால் முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தேன். அப்படியும் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் ஓடவிடவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்பினேன்.

துணைக்கு மருமகன் வந்திருந்தான், பதினைந்து வயது. பலகையைப் பிடிப்பது அவன் வேலை. இடப்பக்க எண்ணெய் வலப்பக்கத்தைவிட 38 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது.

“மாமா, இடப்பக்கம்தான் ஏறி நிக்குது. அப்ப இடப்பக்கம்தானே கூடத் திறந்திருக்கு? அதை மூடட்டா?”

“இல்லையடா. மூடியிருக்கிற பக்கம்தான் கூட உறிஞ்சும். ஏறி நிக்கிற பக்கத்தைத் திறக்கோணும்.”

எல்லோரும் தடுமாறும் இடம் இது. அதனால் பலகையின் உச்சியில் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்: ஏறிய பக்கத்தைத் திற.

முதலில் ஐடில், அதாவது கைப்பிடியைத் திருகாமல் எஞ்சின் தானாக மெல்ல ஓடும் நிலை. அதற்கு இரண்டு கேபிள்களும் தளர்வாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டராவது ஆட்டம் வேண்டும். இல்லாவிட்டால் தகட்டைத் தாங்குவது ஐடில் திருகாணியா கேபிளா என்று தெரியாது. இடப்பக்கத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே விட்டேன், சுற்று வேகம் ஏறியது. வலப்பக்கத்தை அதே அளவு வெளியே எடுத்தேன். எண்ணெய் நெருங்கி வந்தது. இடையில், காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகாணிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே திருகி எஞ்சின் தடுமாறும் இடத்தைப் பார்த்து, வெளியே எடுத்து மறுபடி தடுமாறும் இடத்தைப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். அப்படி வைத்ததும் மட்டம் கொஞ்சம் மாறியது, மறுபடி ஐடில் திருகாணிக்குப் போனேன். நாலைந்து தடவை போய் வந்ததில் வித்தியாசம் 1 சென்டிமீட்டருக்குள் வந்தது. சுற்று 900க்கும் 1000க்கும் நடுவில் நின்றது. மருமகன் எரிபொருள் தாங்கியின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி வைத்தான். நின்றது.

ஒரு பக்கப் பிளக் மூடியைக் கழற்றி மற்றச் சிலிண்டரில் மட்டும் ஓடவிட்டுச் சமன் பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் இந்த ஆண்டு வண்டிகளில் தீப்பொறி மின்னணு முறையில் வருகிறது. மூடியைச் சும்மா தொங்கவிட்டால் மின்னணுப் பெட்டியே போய்விடக்கூடும். எண்ணெய் மானி இருக்கும்போது அந்தச் சோதனைக்குத் தேவையும் இல்லை.

அடுத்தது கேபிள்கள். கைப்பிடியைக் கொஞ்சம் திருகி 2000 சுற்றில் பிடித்தால் எண்ணெய் 22 சென்டிமீட்டர் விலகியது, இம்முறை வலப்பக்கம் உயரம். காபுரேட்டர் தலையில் இருக்கும் கேபிள் திருகியை எட்டில் ஒரு பங்கு சுற்றினாலே எண்ணெய் விரல் நீளம் நகர்கிறது. அவ்வளவு நுட்பமான வேலையைக் காதால் கேட்டுச் செய்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் என் காதால் முடியாது. சமப்படுத்தி, திருகியைப் பூட்டும் நட்டை இறுக்கி, கைப்பிடியை விட்டு மறுபடி 2000க்குக் கொண்டுவந்தேன். 9 சென்டிமீட்டர் விலகல். திருத்தினேன். விட்டுப் பிடித்தேன். இப்போது மறுபக்கம் 6. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்.

அரை மணித்தியாலம் இப்படிப் போனது. கருவியில்தான் கோளாறு என்று மருமகன் சொன்னான். டி இணைப்பை மாட்டிக் காட்டினேன், ஒரே மட்டம். அப்படியென்றால் கேபிள்தான் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கிறது. கைப்பிடியை அசைக்காமல் ஹாண்டிலை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். எண்ணெய் ஊஞ்சல் போல ஆடியது. தாங்கியைத் தூக்கிப் பார்த்தால், வலது கேபிள் தாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையில் மாட்டி நசுங்கியிருந்தது. யாரோ எப்போதோ தாங்கியைக் கழற்றி மாட்டியபோது பிடிபட்டிருக்க வேண்டும். உள்கம்பியைக் கழற்றி இழுத்தேன். ஒரு இழை அறுந்து சுருண்டு, உறைக்குள் உராய்ந்துகொண்டிருந்தது. முள் மானியில் இது தெரிந்திருக்காது. முள் நடுங்கினால் முள்ளின் குணம் என்று விட்டிருப்பேன்.

ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் நீட்சி வேறுபடும். அதனால் இரண்டு கேபிளும் புதிதாக வாங்கினேன். வந்து சேர ஒரு கிழமை. பழைய பாதையை விட்டு, ஹாண்டிலை முழுதாகத் திருப்பினாலும் இழுபடாத வளைவில் கொண்டுபோனேன். அடுத்த சனிக்கிழமை பலகையை மறுபடி கொழுவினோம். ஐடிலில் அரைச் சென்டிமீட்டர். 2000இல் 1 சென்டிமீட்டர். விட்டுப் பிடித்தாலும் அதே 1. 3000க்குக் கொண்டுபோனபோது வலப்பக்கம் 3 சென்டிமீட்டர் உயர்ந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். பாதரசத்தில் பார்த்தால் அது 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

அன்றைக்குப் பின்னேரமே ஹாமுக்குப் போனேன். சிவப்பு விளக்கில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் நின்ற வெள்ளைக் காரின் இலக்கத்தைக் கண்ணாடியில் இடம்வலம் மாறி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க முடிந்தது. திரும்பி வரும் வழியில் கைப்பிடியில் எறும்பு ஊரவில்லை.

பலகை இப்போது கராஜ் சுவரில் தொங்குகிறது. இரண்டு குழாய் நுனியையும் திருகாணியால் அடைத்திருக்கிறேன், பூச்சி போய்க் கூடு கட்டினால் அந்த 1 மில்லிமீட்டர் துளை அடைபட்டுவிடும். பலகையின் ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் மூன்று எண்களும் பென்சிலால் எழுதியிருக்கிறது: அரை, 1, 3. இன்னும் 5000 கிலோமீட்டர் ஓடியதும் வால்வு பார்த்துவிட்டு அதற்குக் கீழே அடுத்த வரியை எழுத வேண்டும்.